கல்லோடு ஒட்டி வந்த பவளம்: அடையாளம் காணச் சில குறிப்புகள்

உப்புநீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் தொட்டிக்குள் அடுக்கும் கல்லை ‘லைவ் ராக்’ என்பார்கள். நாம் உயிர்ப்பாறை என்று சொல்லிக்கொள்ளலாம். கடலடியில் சில ஆண்டுகள் கிடந்த சுண்ணாம்புக் கல்தான் அது. அதன் மேலும் பொந்துகளிலும் பாக்டீரியா, பாசி, புழு, கடற்பஞ்சு, நத்தை என்று ஒரு தெருவே குடியேறியிருக்கும். 1961-ல் ஜகார்த்தாவின் லீ சின் எங் என்பவர், இப்படிப்பட்ட கற்களையும் காற்றுக் குமிழியையும் கொண்டே கடல்மீன் வளர்க்கும் தன் முறையை ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் எழுதினார். இன்றும் உலகம் முழுக்கப் பல பவளத் தொட்டிகளுக்கு இந்தக் கல்தான் அடித்தளம்.

நான் இருப்பது ஃப்ளோரிடாவில், டாம்பாவுக்குப் பக்கத்தில். இங்கே மெக்சிகோ வளைகுடாவில் வளர்த்து எடுக்கும் கல்லைத்தான் வாங்குகிறேன். முதல் பெட்டி வந்த வாரத்தில், ஒரு கல்லின் அடிப்பக்கம் பழுப்பு நிறத்தில், கண்ணாடி போல ஒளி ஊடுருவும் சின்னஞ்சிறு பூக்கள் மூன்று விரிந்திருந்தன. களை என்று எல்லோரும் பயமுறுத்தும் கடல் சாமந்தி என்றே முடிவுகட்டி, ஒன்றின் வாயில் சுண்ணாம்புக் கரைசலை ஊசியால் ஏற்றினேன். மறுநாள் காலை சதை கரைந்துபோன இடத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு கிண்ணம். உள்ளே மெல்லிய ஆரங்கள். நான் கொன்றது பவளம். அந்தத் தவறு இன்னொருவர் வீட்டில் நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் குறிப்புகள்.

1. கல் எந்தக் கடலிலிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேட்டு எழுதி வையுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். இந்தோனேசியாவின் கல்லில் வரும் பவளம் வேறு, ஃப்ளோரிடாக் கல்லில் வரும் பவளம் வேறு. இங்கே மாநிலக் கடற்பரப்பில் இயற்கையான பாறையை எடுப்பதற்கு 1989-லேயே தடை போட்டார்கள். 1990-களில் மத்திய அரசின் கடற்பரப்புக்கும் தடை வந்தது. அதன் பிறகு, நிலத்தில் வெட்டிய சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றிப்போய், குத்தகைக்கு எடுத்த கடலடியில் இறக்கி, சில ஆண்டுகள் ‘ஊற’விட்டு எடுக்கிறார்கள். கடலின் லார்வாக்கள் தாமாகவே வந்து ஒட்டி வளர்ந்தவைதான் அந்தக் கல்லில் இருக்கும். எந்தக் கடல் என்று தெரிந்துவிட்டால், படங்களைப் பார்த்து ஒப்பிடும்போது நூறு பெயர்களுக்குப் பதில் பத்துப் பெயர்களோடு மல்லுக்கட்டினால் போதும்.

2. முதல் முப்பது நாள் எதையும் பிடுங்காதீர்கள், சுரண்டாதீர்கள், ஊசி போடாதீர்கள். பயணத்தில் அடிபட்ட பவளம் சுருங்கி, வெறும் கல்லைப் போலவே கிடக்கும். இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் முகத்தைக் காட்டும். இதற்கு ஒரே விலக்கு, அழுகிப்போன கடற்பஞ்சு. வெள்ளைப் படலம் கட்டி, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அந்த இடத்தை மட்டும் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்துவிடுங்கள். விட்டால் அம்மோனியா ஏறி, ஒட்டி வந்த மற்றதெல்லாம் போய்விடும். அந்த நாட்களில் அம்மோனியாச் சோதனையைத் தினமும் செய்யுங்கள். அளவு ஏறினால் தண்ணீரை மாற்றத் தயங்காதீர்கள்.

3. கையுறை, கண்ணாடி இரண்டும் இல்லாமல் கல்லைத் தொடாதீர்கள். முள்புழுக்களின் முடி தோலில் ஏறினால் நாள் முழுக்க எரியும். அதைவிட முக்கியம்: உயிர்ப்பாறையை எந்தக் காரணம் கொண்டும் கொதிக்க வைக்கக் கூடாது, வெந்நீர் ஊற்றித் தேய்க்கவும் கூடாது. பாலிதோவா என்ற பொத்தான் உயிரியில் பாலிடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். 1971-ல் ஹவாயில் இந்த நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். உயிரினங்கள் உண்டாக்கும் நஞ்சுகளில் மிகக் கொடியவற்றில் இது ஒன்று. ஆவியாகவோ தெறிப்பாகவோ மூச்சில் போனாலே ஆபத்து. 2018-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில், தொட்டிப் பவளத்தைச் சுத்தம் செய்த ஒரு வீட்டில் குடும்பத்தாரோடு உதவிக்கு ஓடிவந்தவர்களும் மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. கல்லைக் கையாண்டபின் வாயில் உலோகக் கசப்பு, மூச்சுத்திணறல், காய்ச்சல் என்று ஏதாவது தெரிந்தால் எல்லோரும் அறையை விட்டு வெளியேறி, உடனே மருத்துவரிடம் போங்கள். தொட்டியில் பவளம் இருக்கிறது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று நினைத்துவிடக்கூடும்.

4. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஒரு பூதக்கண்ணாடி, சின்ன டார்ச், சிவப்புக் கண்ணாடித் தாள், நீல ஒளி டார்ச், பல்குச்சி, நல்ல கேமரா உள்ள கைப்பேசி. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்.

5. இரவில் பாருங்கள். தொட்டி விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச் முகத்தில் சிவப்புத் தாளைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். இவற்றில் பல உயிர்களுக்குச் சிவப்பு ஒளி அவ்வளவாக உறைப்பதில்லை. பகலில் கல்லாகக் கிடந்த இடத்தில் இழைகள் நீண்டு ஆடும். ஃப்ளோரிடாக் கல்லில் வரும் கிண்ணப் பவளங்கள் பெரும்பாலும் இரவுப் பூக்கள்தாம். எங்கள் வீட்டில் இரவு பத்து மணிக்குச் சமையலறையை ஒழித்துவிட்டு, தொட்டியின் முன் அரை மணி நேரம் உட்காருவேன். தெரிந்துகொண்டதில் முக்கால்வாசியும் அந்த அரை மணியில்தான்.

6. பவளமா, சாமந்தியா என்ற சந்தேகத்தைத் தீர்க்க உறுதியான வழி, சதைக்குக் கீழே கல்கிண்ணம் இருக்கிறதா என்று பார்ப்பது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கல் பவளத்தின் ஒவ்வொரு வாயும், அதாவது ஒவ்வொரு பாலிப்பும், தனக்கென்று ஒரு சுண்ணாம்புக் கிண்ணத்தைக் கட்டிக்கொண்டு அதன் மேல் உட்கார்ந்திருக்கும். கிண்ணத்தின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மெல்லிய தகடுகள் இறங்கும். எலுமிச்சம்பழத்தைக் குறுக்கே வெட்டினால் சுளைகளுக்கு நடுவே கோடுகள் தெரியுமே, அதைப்போல. பாலிப் விரிந்திருக்கும்போது இது தெரியாது. பல்குச்சியின் முனையால் ஓர் இழையை மெதுவாகத் தொடுங்கள். குத்தக் கூடாது, தொட்டால் போதும். பவளமானால் இழைகள் சுருங்கி உள்ளே போகும். சதை இறுகி, அடியிலுள்ள ஆரக்கோடுகள் தோல் வழியாக வரிவரியாகத் தெரியும். கிண்ணம் இருந்த இடத்திலேயே இருக்கும். சாமந்தியானால் உடம்பு முழுவதும் ஒரு நொடியில் பொந்துக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். பார்க்க எதுவும் மிஞ்சாது.

அன்று ஊசியை எடுப்பதற்கு முன் பல்குச்சியை எடுத்திருந்தால் எனக்கு இது அப்போதே தெரிந்திருக்கும்.

7. இழைகளை எண்ணுங்கள். கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் எண்ணிவிடலாம். சரியாக எட்டு இழைகள், ஒவ்வோர் இழையின் இரு பக்கமும் கறிவேப்பிலை ஈர்க்கில் இலை வைத்தாற்போல் சிறு கிளைகள் இருந்தால், அது எட்டிழைப் பவளக் குடும்பம்: மென்பவளம், கடல்விசிறி போன்றவை. ஆறு, பன்னிரண்டு, இருபத்துநான்கு என்று ஆறின் மடங்கில் போய், இழை கிளையில்லாமல் இருந்தால் அது கல் பவளம், சாமந்தி, காளான் பவளம், பொத்தான் உயிரி இவற்றில் ஒன்று. முதிர்ந்த பாலிப்பில் எண்ணிக்கை சுத்தமாக மடங்கில் நிற்காமலும் போகும், கவலை வேண்டாம். கறிவேப்பிலைக் கிளை இருக்கிறதா இல்லையா என்பதுதான் முக்கியமான கேள்வி.

8. களை என்று பெயர் எடுத்த அய்ப்டேசியா சாமந்தியை முதலில் அறிந்துகொள்ளுங்கள். தோற்றத்தில் குட்டித் தென்னங்கன்று: நீண்ட தண்டு, உச்சியில் தட்டு, சுற்றிலும் நுனி கூர்ந்த நீள இழைகள். பழுப்பு நிறம், ஒளி ஊடுருவும். தண்டின் அடியில் ஒரு துணுக்கு பிய்ந்து ஒட்டிக்கொண்டாலும் அது இன்னொரு சாமந்தி ஆகிவிடும். அதனால்தான் சுரண்டி எடுக்கப் போனால் ஒன்று பத்தாகிறது.

ஃபில்லாஞ்சியா என்ற கிண்ணப் பவளமும் பழுப்புதான், ஒளி ஊடுருவுவதுதான். வித்தியாசம் இழையில் இருக்கிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஃபில்லாஞ்சியாவின் இழை முழுக்க ரவை தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். அவை சிறு மருக்கள். அய்ப்டேசியாவின் இழை வழவழப்பாக இருக்கும். நீண்ட தண்டு இருந்தால் அய்ப்டேசியா. கல்லோடு ஒட்டிய சட்டைப் பொத்தான் அளவுக் கிண்ணம் என்றால் ஃபில்லாஞ்சியா. நான் கொன்றது இதைத்தான். பக்கத்தில் இருந்த மற்ற இரண்டும் தப்பித்தன.

சாமந்திதான் என்று உறுதியாகிவிட்டால், சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடைத் தோசைமாவுப் பதத்தில் கரைத்து, சிரிஞ்சால் அதன் வாயிலேயே விடலாம். நீரோட்ட மோட்டாரைச் சில நிமிடம் நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். ஒரே நாளில் நாலைந்துக்கு மேல் வேண்டாம். நீரின் காரத்தன்மை ஏறிவிடும். இதுவும் சுண்ணாம்புதானே என்று வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவை எடுத்துவிடாதீர்கள். அதில் வேறு என்ன கலந்திருக்கும் என்று தெரியாது. நிறைய இருந்தால் பெப்பர்மின்ட் இறாலை விட்டுப் பாருங்கள். அய்ப்டேசியாவை மட்டுமே தின்கிற பெர்கியா என்ற கடல் நத்தையும் கிடைக்கிறது.

9. இழை குட்டையாக, நுனி தீக்குச்சித் தலைபோல உப்பி, பச்சை கலந்த பழுப்பில் இருந்தால் அது மஜானோ சாமந்தி. அழகாக இருக்கிறதே, புதுப் பவளமோ என்று பலர் ஆசையாக வளர்த்துவிடுகிறார்கள். அதே பல்குச்சிச் சோதனைதான். அடியில் கிண்ணம் இருக்காது.

10. மெக்சிகோ வளைகுடாக் கல்லில் அடிக்கடி கண்ணில் படும் கல் பவளங்களைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

ஃபில்லாஞ்சியாவைச் சொல்லிவிட்டேன். அதன் சிற்றுறவு அஸ்ட்ராஞ்சியா: கிண்ணம் உளுந்தைவிடச் சற்றே பெரிது, இழை கண்ணாடி போலத் தெளிவு, நுனியில் வெள்ளைக் குமிழ். இந்த இனத்தில் ஒன்று மாசசூசெட்ஸின் குளிர்ந்த கடல் வரைக்கும் பரவியிருக்கிறது. சதைக்குள் பாசியை வைத்துக்கொண்டும் வாழும், பாசி இல்லாமலும் வாழும். அதனால் பழுப்பாகவும் இருக்கும், வெள்ளையாகவும் இருக்கும். வெள்ளையாக இருப்பதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று கல்லைத் திருப்பி வைத்துவிடாதீர்கள்.

சைடராஸ்ட்ரியா எலுமிச்சை அளவுக்கும் குறைந்த சாம்பல் பழுப்பு உருண்டையாகவோ கல்மேல் படிந்த தட்டாகவோ வரும். மேலெல்லாம் நட்சத்திரக் குழிகள். பணியாரச் சட்டியை எறும்பு அளவுக்குச் சுருக்கினாற்போல் இருக்கும். ஒவ்வொரு குழியும் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். சேறும் கலங்கலும் இதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை, தொட்டிக்கு ஏற்ற கெட்டி உயிர். ஆனால் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும்.

க்ளாடோகோரா, மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாய்கள் கொத்தாக நிற்பது. ஒவ்வொரு குழாயின் வாயிலும் ஒரு பழுப்புப் பாலிப். புழுக்குழாய் என்று நினைத்து உடைத்துவிடுவது சுலபம். குழாயின் வாயில் ஆரத்தகடு தெரிந்தால் பவளம். வெறும் ஓட்டையானால் புழு.

ஆக்குலினா கிளைவிட்டு வளரும். கிளையின் மேலெல்லாம் சற்றே புடைத்த கிண்ணங்கள் இடைவெளி விட்டு இருக்கும். இந்த ஐந்தையும் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டால் இந்தக் கடல் கல்லில் வரும் கல் பவளத்தில் பெரும்பகுதியைப் பெயர் சொல்லி அழைக்கலாம்.

11. ஆரஞ்சு நிறக் குழாய்க் கிண்ணங்கள், இரவில் மஞ்சள் இழைகள் விரிந்தால் அது ட்யூபாஸ்ட்ரேயா, சூரியப் பவளம். பெயர்தான் சூரியன், வெயில் அதற்கு வேண்டாம். சதைக்குள் பாசி கிடையாது, ஊட்டினால்தான் உயிர். இந்தோ-பசிபிக் கடலைச் சேர்ந்த இது 1940-களில் கரீபியக் கடலில் தென்பட்டு, இப்போது மெக்சிகோ வளைகுடாவிலும் பிரேசில் கரையிலும் பரவிக் கிடக்கிறது. வேற்றுக் கடலில் ஓர் உயிர் புகுந்துகொண்டால் திருப்பி அனுப்ப முடியாது என்பதற்கு இதுவே சாட்சி.

12. பொத்தான் உயிரி அல்லது சோவாந்திட்: நடுவில் வழவழப்பான வட்டம், சுற்றிலும் கண் இமை முடிபோல் இரண்டு வரிசைக் குட்டை இழைகள். கீழே கல்கிண்ணம் இருக்காது. அடிப்பகுதி மணலை உள்வாங்கிச் சொரசொரவென்று தெரிந்தால் பாலிதோவா. அப்போது மூன்றாவது குறிப்பை இன்னொரு முறை படியுங்கள். எந்தப் பொத்தானில் நஞ்சு அதிகம் என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே எல்லாவற்றையும் நஞ்சுள்ளதாகவே நடத்துங்கள்.

13. கடுகுமஞ்சள் நிறம், நுனி வெளுப்பு, மேற்பரப்பு வழவழப்பு, பூதக்கண்ணாடியில் ஊசியால் குத்தினாற்போல் நுண்துளைகள், அதில் மெல்லிய முடி: இது மில்லிபோரா, நெருப்புப் பவளம். நட்சத்திரக் கிண்ணம் எங்கும் இருக்காது. பெயரில் பவளம் என்றாலும் உறவுமுறையில் இது ஹைட்ரா வகையைச் சேர்ந்தது. பட்டால் தீச்சுட்டது போல் எரிந்து தடிக்கும்.

14. நட்டு வைத்த சிறு குச்சிபோல் ஊதாவிலோ மஞ்சளிலோ ஒன்று நின்று, இரவில் அதன் மேல் எட்டிழைப் பூக்கள் விரிந்தால் கடல்விசிறிக் குடும்பத்தின் கன்று. நீரோட்டம் நன்றாகப் படும் இடத்தில் கல்லை வைத்தால் போதும்.

15. பவளம் போலத் தெரிந்து பவளம் அல்லாதவை நிறைய.

குங்குமப் பொட்டு வைத்தாற்போல் கல்லின் அடியில் சிவப்பு மொட்டுகள் இருந்தால், அது ஹோமோட்ரெமா என்ற ஒற்றைச் செல் உயிர். பெர்முடாத் தீவின் கடற்கரை மணலுக்கு இளஞ்சிவப்பைக் கொடுப்பது இதன் ஓட்டுத் துகள்தான். ஊதா, இளஞ்சிவப்புப் பூச்சாகக் கல்லில் படர்ந்திருப்பது சுண்ணாம்புப் பாசி, பாலிப்பே இராது. சின்ன வெள்ளைச் சுருள்கள் புழுவின் வீடு. விசிறிபோல் விரிந்து, நிழல் பட்டதும் சட்டென்று குழாய்க்குள் மறைவது விசிறிப்புழு. குழாயிலிருந்து சிலந்தி நூல்போல் சளி இழை விட்டு இரை பிடிப்பது வெர்மிட்டிட் நத்தை. அந்த நூல் பக்கத்துப் பவளத்தைத் தொந்தரவு செய்யும் என்பதால் குழாயின் வாயைப் பசையால் அடைத்துவிடலாம். இரண்டு வாய் உள்ள வழவழப்புப் பை கடற்பீச்சி. மேலே துளைகள் மட்டும் தெரிந்து, இழை எதுவுமே இல்லாவிட்டால் கடற்பஞ்சு.

இரவில் மட்டும் வெளியே வந்து, கண்ணாடி இழைகளின் நுனியில் ஆரஞ்சோ வெள்ளையோ உருண்டை வைத்திருப்பது உருண்டைச் சாமந்தி. பார்க்கக் கொள்ளை அழகு. ஆனால் நத்தைகளைப் பிடித்துத் தின்னும். எனவே அது இருக்கும் கல்லைத் தனியாக வையுங்கள்.

16. நீல ஒளி டார்ச்சை அடித்து, மஞ்சள் கண்ணாடி வழியாகப் பாருங்கள். பவளச் சதையில் உள்ள ஒளிரும் புரதங்கள் பச்சையாகவும் சிவப்பாகவும் மின்னும். ஆய்வகங்களில் பெருமளவில் புழங்கும் சிவப்பு ஒளிர்புரதம் ஒன்று, 1999-ல் டிஸ்கோசோமா என்ற காளான் பவளத்திலிருந்து கிடைத்ததுதான். கடலைமிட்டாய்த் துணுக்கு அளவுகூட இல்லாத குட்டிப் பவளம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் மின்னுவதெல்லாம் பவளம் ஆகாது. பாசிப் பச்சையமும் சிவப்பாக ஒளிரும். சில சாமந்திகளும் பச்சையாக ஒளிரும். இடத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவியாக மட்டும் இதை வைத்துக்கொண்டு, அடையாளத்தைப் பல்குச்சியால் முடிவு செய்யுங்கள்.

17. பவளம் கல்லின் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று பாருங்கள். பழுப்பு, பச்சை நிறமுள்ளவை பெரும்பாலும் சதைக்குள் பாசி வைத்திருப்பவை, மேற்பக்கத்து வெளிச்சத்தை நாடுபவை. நிறமற்றவையும் ஆரஞ்சும் பெரும்பாலும் அடிப்பக்கத்து நிழல்வாசிகள். அவற்றைத் திருப்பி வெளிச்சத்தில் வைத்தால் பாசி மேலேறி மூடிவிடும். கல்லை அடுக்குவதற்கு முன்பே அடிப்பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்கியபின் எட்டிப் பார்க்க முடியாது.

18. வாரம் இரு முறை, இரவில், இழை விரிந்த பிறகு ஊட்டுங்கள். உறைய வைத்த மைசிஸ் இறாலை உருக்கி, சிரிஞ்சால் இழையின் மேல் மெல்ல விடுங்கள். கிண்ணப் பவளம் இழைகளை ஒவ்வொன்றாக மடித்து, இரையை நடு வாய்க்குக் கொண்டுபோகும். இதற்குச் சில நிமிடம் பிடிக்கும். அதற்குள் இறால்களும் நண்டும் வந்து பறிக்கப் பார்க்கும். பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் இருங்கள். பாதி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்து மூடிவைப்பது என் வழக்கம்.

19. நீர் சரியாக இல்லாவிட்டால் எந்தப் பவளமும் முகம் காட்டாது. உப்பு லிட்டருக்கு 35 கிராம் கணக்கு, ஒப்படர்த்தி 1.025 முதல் 1.026; வெப்பம் 25 டிகிரியை ஒட்டி; கால்சியம் 420 பிபிஎம் பக்கம்; காரத்திறன் 8 முதல் 9 டிகேஎச். எண்ணைத் துல்லியமாகப் பிடிப்பதைவிட, நாளுக்கு நாள் ஏறி இறங்காமல் வைத்திருப்பது மேல்.

20. ஒரு நோட்டு போடுங்கள். கல்லுக்கு எண், பவளம் இருக்கும் பக்கம், எத்தனை வாய், என்ன நிறம், இரவா பகலா விரிகிறது. மாதம் ஒருமுறை அதே தூரத்திலிருந்து, பக்கத்தில் ஓர் அரிசியை அளவுக்கு வைத்துப் படம் எடுங்கள். பெயர் தெரியாததற்குப் பெயர் வைக்க அவசரப்படாதீர்கள். ‘3-ம் கல், அடிப்பக்கம், பழுப்புக் கிண்ணம், 2 வாய்’ என்று எழுதினால் போதும். ஆறு மாதப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வாய்கள் கூடும் விதத்திலேயே இனம் பிடிபடும். தப்பித்த அந்த இரண்டு ஃபில்லாஞ்சியாக்களும் இப்போது ஐந்து வாய்.

21. தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு: ராமேஸ்வரம், கீழக்கரை, தூத்துக்குடிக் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளக்கல்லை, செத்ததாக இருந்தாலும், தொட்டிக்கு எடுத்து வராதீர்கள். 2001 முதல் கல் பவளங்கள் எல்லாமே இந்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ல் தேசியப் பூங்கா ஆயின. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல ஆண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்ததில் அந்தத் தீவுகளில் இரண்டு, பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும், நீருக்குள் மூழ்கிப்போயின. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தாலும் கல் பவளமும் உயிர்ப்பாறையும் சைட்டஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் வருபவை. தாள் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. தொட்டி வைக்க ஆசை இருந்தால் பீங்கான் கல்லிலோ வார்த்த சிமென்ட் கல்லிலோ பாக்டீரியாவை வளர்த்துத் தொடங்குங்கள். மீனுக்கு அது போதும்.

22. வேண்டாத கல்லையும் பவளத்தையும் கடலிலோ கழிமுகத்திலோ கொண்டுபோய் விடாதீர்கள், அந்தக் கடலிலிருந்தே வந்ததாக இருந்தாலும் சரி. தொட்டியில் வேறு ஊர் உயிர்களோடு கலந்து கிடந்தது அது. தொட்டி நீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றுங்கள், தெருவின் மழைநீர் வடிகாலில் வேண்டாம். பொத்தான் உயிரி இருந்த கல்லானால், காய்ந்துவிட்டால் நஞ்சு போய்விடும் என்று எண்ணி உடைக்கவோ தூசி பறக்கத் தேய்க்கவோ கூடாது. ஈரமாக இருக்கும்போதே இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டி, மேலே என்னவென்று எழுதிக் குப்பையில் போடுங்கள்.